இந்தியக் குடியரசுத் தலைவர்: ஓர் அரசமைப்புப் பதவியின் வரலாறு

இந்தியக் குடியரசுத் தலைவர் நாட்டின் தலைவர்; அரசாங்கத்தின் தலைவர் அல்லர். ஒன்றியத்தின் நிர்வாக அதிகாரம் முழுவதையும் அரசமைப்புச் சட்டத்தின் 53ஆம் பிரிவு அவரிடம் ஒப்படைக்கிறது. பிரதமர் தலைமையிலான அமைச்சரவையின் உதவியோடும் ஆலோசனையோடும் அவர் செயல்பட வேண்டும் என்கிறது 74ஆம் பிரிவு. முப்படைத் தலைமை, மசோதாக்களுக்கு ஒப்புதல், அவசரச் சட்டம், கருணை மனு ஆகிய எல்லாவற்றிலும் கையெழுத்து அவருடையது, முடிவு அமைச்சரவையுடையது. இவ்விரு பிரிவுகளுக்கும் நடுவே அவருக்கென்று எவ்வளவு இடம் இருக்கிறது என்பதே இப்பதவியின் வரலாறு நெடுகிலும் எழுந்துவரும் கேள்வி.

தோற்றம்

1947இல் நேரு தலைமையிலான ஒன்றிய அரசமைப்புக் குழு அமைச்சரவை ஆட்சிமுறையைத் தேர்ந்தெடுத்தது. குடியரசுத் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தால் அவர் அமைச்சரவைக்குப் போட்டியான அதிகார மையமாகிவிடுவார். நாடாளுமன்றம் மட்டுமே தேர்ந்தெடுத்தால் ஆளுங்கட்சியின் ஆளாகிவிடுவார். ஆகவே நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் மாநிலச் சட்டப்பேரவைகளிலும் உள்ள தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் வாக்களிக்கும் முறை வந்தது. சட்டமன்ற உறுப்பினரின் வாக்கு மதிப்பு 1971ஆம் ஆண்டு மக்கள்தொகையைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. 2022 தேர்தலில் அது உத்தரப் பிரதேசத்தில் 208, தமிழ்நாட்டில் 176, சிக்கிமில் 7. நாடாளுமன்ற உறுப்பினரின் வாக்கு மதிப்பு 700.

1948 நவம்பர் 4 அன்று அரசமைப்புச் சட்ட வரைவை அரசமைப்பு நிர்ணய அவையில் முன்வைத்த அம்பேத்கர், இப்பதவி அமெரிக்க அதிபரைப் போன்றதன்று, பிரிட்டிஷ் மன்னரின் இடத்தைப் போன்றது என்று தெளிவாகவே விளக்கினார். அந்தத் தெளிவு சட்டத்தின் சொற்களில் இடம்பெறவில்லை. ஆலோசனை வழங்க ஓர் அமைச்சரவை இருக்கும் என்று 1950ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. அந்த ஆலோசனைக்குத் தலைவர் கட்டுப்பட்டே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. அவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை ஒரு தனி அட்டவணையில் எழுதிவைக்கும் யோசனையும் இருந்தது. மரபே போதும் என்று 1949இல் அது கைவிடப்பட்டது.

அதே ஆண்டில் இன்னொரு மாற்றமும் நடந்தது. அதிகம் பேசப்படாத இந்த மாற்றத்தின் விளைவுகள் பெரியவை. மறுபரிசீலனைக்காக ஒரு மசோதாவைத் திருப்பி அனுப்ப, வரைவு ஆறு வாரக் கெடு வைத்திருந்தது. அதை எடுத்துவிட்டு ‘இயன்ற விரைவில்’ என்ற சொல்லை அம்பேத்கர் சேர்த்தார். இது தெளிவற்ற சொல் என்று உறுப்பினர் எச்.வி. காமத் எதிர்த்தார், அவை ஏற்கவில்லை.

பிரசாத்தின் ஐயம்

எழுதப்படாத மரபை முதலில் உரசிப் பார்த்தவர் முதல் குடியரசுத் தலைவரான ராஜேந்திர பிரசாத். இந்து சட்டத் தொகுப்பு மசோதாவில் அவருக்கு உடன்பாடில்லை. அம்மசோதாவைத் தம் சொந்தத் தீர்ப்பின்படி அணுக விரும்புவதாக 1951 செப்டம்பரில் பிரதமர் நேருவுக்கு எழுதினார். நேரு, அரசின் தலைமை வழக்குரைஞர் எம்.சி. செதல்வாட்டிடமும், சென்னையைச் சேர்ந்த சட்ட அறிஞர் அல்லாடி கிருஷ்ணசாமி அய்யரிடமும் கருத்துக் கேட்டார். அமைச்சரவையின் ஆலோசனையை மீறித் தலைவர் செயல்பட இடமில்லை என்றே இருவரும் சொன்னார்கள். பிரசாத் மோதலை வளர்க்கவில்லை. பின்னர் தனித்தனிச் சட்டங்களாக வந்த இந்து திருமண, வாரிசுரிமைச் சட்டங்களுக்கு ஒப்புதல் தந்தவரும் அவரே. ஆனால் ஐயம் அவரை விடவில்லை. 1960 நவம்பரில் இந்தியச் சட்டக் கழகத்தின் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது, தலைவரின் அதிகாரங்கள் பிரிட்டிஷ் மன்னருடையவற்றிலிருந்து எங்கெங்கே வேறுபடுகின்றன என்று அறிஞர்கள் ஆராய வேண்டும் எனக் கேட்டுக்கொண்டார்.

விடையை நீதிமன்றங்கள் படிப்படியாகத் தந்தன. 1955இன் ராம் ஜவாயா கபூர் வழக்கு தலைவரைச் சட்டரீதியான தலைமை என்று மட்டும் வரையறுத்தது. மக்களவை கலைக்கப்பட்டிருந்தாலும் அமைச்சரவை இல்லாமல் அவர் ஆள முடியாது என்று 1971இல் தீர்ப்பு வந்தது. 1974இல் ஷம்ஷேர் சிங் வழக்கில் ஏழு நீதிபதிகள் அமர்வு இந்நிலையை உறுதிசெய்தது.

நெருக்கடி நிலையும் இரு திருத்தங்களும்

1975 ஜூன் 25 இரவு குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது நெருக்கடி நிலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டார். அப்போது அவர் முன் இருந்தது பிரதமர் இந்திரா காந்தியின் ஆலோசனை மட்டுமே. அமைச்சரவை மறுநாள் காலையில்தான் கூடி அதை ஏற்றது. இது கீழ்ப்படிதலின் குறை என்பதைவிடக் கேள்வி கேட்காததன் குறை என்றே கொள்ள வேண்டும். ஆயினும் 1976இன் 42ஆவது திருத்தம் கீழ்ப்படிதலைத்தான் இறுக்கியது: ஆலோசனையின்படியே தலைவர் செயல்பட வேண்டும் என்று 74ஆம் பிரிவில் எழுதப்பட்டது. ஜனதா ஆட்சி கொண்டுவந்த 44ஆவது திருத்தம் (1978) இதில் இரண்டு மாற்றங்களைச் செய்தது. நெருக்கடி நிலைக்கு அமைச்சரவையின் முடிவு எழுத்தில் வர வேண்டும் என்றது. எந்த ஆலோசனையையும் மறுபரிசீலனை செய்யும்படி தலைவர் ஒருமுறை கேட்கலாம், மீண்டும் அதே ஆலோசனை வந்தால் ஏற்க வேண்டும் என்றது. குடியரசுத் தலைவருக்குக் கேட்கும் உரிமை இருக்கிறது என்பதைச் சட்டம் தன் வாயால் ஒப்புக்கொண்ட இடம் இது.

கேட்கும் உரிமையை எல்லாத் தலைவர்களும் ஒரே விதமாகப் பயன்படுத்தவில்லை. 1997 அக்டோபரில் உத்தரப் பிரதேசத்திலும் 1998 செப்டம்பரில் பீகாரிலும் மாநில ஆட்சியைக் கலைக்க வந்த ஆலோசனைகளை கே.ஆர். நாராயணன் திருப்பி அனுப்பினார். இரண்டு முறையும் அப்போதைய அமைச்சரவைகள் பின்வாங்கின. 44ஆவது திருத்தத்துக்கு உண்மையான பொருள் தந்தவர் அவர்தான். 1991 ஜனவரி 30 அன்று தமிழ்நாட்டில் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டபோது நிலைமை வேறு. ஆளுநர் சுர்ஜித் சிங் பர்னாலா அறிக்கை தர மறுத்தார். ஆளுநரின் அறிக்கை இன்றியும் செயல்படலாம் என்று 356ஆம் பிரிவில் உள்ள சொற்களைக் கொண்டு, சந்திரசேகர் அரசின் ஆலோசனையின்படி ஆர். வெங்கட்ராமன் கையெழுத்திட்டார். தலைவர் பதவியை மின்சாரம் நின்றால் எரியும் அவசரகால விளக்குக்கு ஒப்பிட்டவர் அவர். தஞ்சை மாவட்டத்து ராஜாமடத்தில் பிறந்து, தமிழ்நாட்டின் தொழில் அமைச்சராகவும் இருந்தவர். அன்று ஒருமுறையாவது திருப்பிக் கேட்டிருக்க வேண்டும் என்ற வருத்தம் தமிழ்நாட்டில் பலருக்கு இன்றும் உண்டு. அது நியாயமான வருத்தம். இத்தகைய கலைப்புகளை நீதிமன்றம் ஆராயலாம் என்ற எஸ்.ஆர். பொம்மை தீர்ப்பு 1994இல்தான் வந்தது.

எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை இல்லாதபோது யாரைப் பிரதமராக அழைப்பது என்பதில் மட்டும் ஆலோசனை சொல்ல யாரும் இருப்பதில்லை. 1989இல் வெங்கட்ராமன் தனிப்பெரும் கட்சியான காங்கிரஸை முதலில் அழைத்தார். அதன் தலைவர் ராஜீவ் காந்தி மறுத்ததும் வி.பி. சிங்கை அழைத்தார். 1996இல் சங்கர் தயாள் சர்மா அழைத்த வாஜ்பாய் அரசு 13 நாள் நீடித்தது. 1998இல் நாராயணன் ஆதரவுக் கடிதங்களைப் பெற்ற பின்னரே அழைத்தார்.

கெடு இல்லாத அதிகாரம்

ஆலோசனை கட்டுப்படுத்தும், ஆனால் எத்தனை நாளுக்குள்? 1949இல் நீக்கப்பட்ட ஆறு வாரம் இங்கேதான் திரும்பி வருகிறது. கடிதங்களைப் பிரித்துப் பார்க்க அரசுக்கு விரிந்த அதிகாரம் தந்த 1986ஆம் ஆண்டு அஞ்சல் மசோதாவை அப்போதைய குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் ஏற்கவும் இல்லை, திருப்பி அனுப்பவும் இல்லை. அது சட்டமாகவே ஆகவில்லை. 2006இல் ஆதாயப் பதவி மசோதாவை அப்துல் கலாம் காரணம் சொல்லித் திருப்பி அனுப்பினார். நாடாளுமன்றம் மீண்டும் நிறைவேற்றியதும் கையெழுத்திட்டார். தாமதம் குடிமக்களின் உரிமையைக் காத்ததும் உண்டு, உயிரை வதைத்ததும் உண்டு. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தூக்குத் தண்டனை பெற்ற மூவரின் கருணை மனுக்கள் 11 ஆண்டுகள் கிடந்து 2011இல் நிராகரிக்கப்பட்டன. அந்தத் தாமதத்தையே காரணமாகக் கொண்டு 2014 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தண்டனையை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது.

மாநில மசோதாக்களில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையானது. ஆளுநர் அனுப்பிவைக்கும் மாநில மசோதாவை மாநிலச் சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்றினாலும், 201ஆம் பிரிவின்படி தலைவர் ஒப்புதல் தந்தே ஆக வேண்டும் என்றில்லை. 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் ஜல்லிக்கட்டு மசோதா சில நாள்களில் ஒப்புதல் பெற்றது. நீட் விலக்கு மசோதாவோ ஆண்டுக்கணக்கில் காத்திருந்தது. ஒப்புதல் மறுக்கப்பட்டதை முதலமைச்சர் ஸ்டாலின் 2025 ஏப்ரல் 4 அன்று பேரவையில் அறிவித்தார். நான்கு நாள் கழித்து, தமிழ்நாடு அரசு ஆளுநருக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், ஆளுநர் அனுப்பும் மசோதாக்கள் மீது குடியரசுத் தலைவர் மூன்று மாதங்களுக்குள் முடிவெடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு கெடு விதித்தது. மே மாதம் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு 143ஆம் பிரிவின்கீழ் நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டார். சட்டத்தில் இல்லாத கால வரம்பை நீதிமன்றம் விதிக்க முடியாது என்று 2025 நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு கருத்துத் தெரிவித்தது. கெடு வேண்டுமென்றால் இனி அரசமைப்புச் சட்டத்தைத் திருத்தித்தான் சேர்க்க வேண்டும்.