தொடங்காத மேசைக் கணினி

தொடங்காத மேசைக் கணினி என்பது, ஆளியை அழுத்திய பின்னும் இயங்குதளத்தின் முகப்புவரை வந்து சேராத கணினியாகும். மின்விசிறிகூடச் சுழலாததும், திரையில் ஓர் எழுத்து வந்து அப்படியே நின்றுவிடுவதும் இதனுள் அடங்கும். இரண்டுக்கும் காரணம் வேறு. கணினி எந்தப் படியில் நின்றது என்று கண்டால், பழுதான பகுதி பெரும்பாலும் வெளிப்பட்டுவிடும்.

தொடங்கும் ஒழுங்கு

ஆளியை அழுத்தியதும் மின்வழங்கி 12, 5, 3.3 வோல்ற்று நேரோட்டத்தைத் தரும். அளவுகள் நிலைபெற்றதும் தாய்ப்பலகைக்குச் சைகை போகும்; அதன் பின்னரே செயலி இயங்கும். அடுத்து தாய்ப்பலகையிலுள்ள பயோஸ் நிரல் நினைவகத்தையும் காட்சி அட்டையையும் விசைப்பலகையையும் சோதித்து, வன்தட்டிலுள்ள தொடக்க நிரலை அழைக்கும். அது இயங்குதளத்தை நினைவகத்தில் ஏற்றும்.

அறிகுறிகளும் சோதனைகளும்

எதுவுமே இயங்காதபோது சுவர்ச் செருகி, மின்கம்பி, மின்வழங்கியின் பின்புற ஆளி ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். பழைய மின்வழங்கிகள் பலவற்றில் 115, 230 என மாற்றும் சிறு ஆளி உண்டு. இலங்கையின் வழங்கல் 230 வோல்ற்று. 115இல் வைத்துச் செருகினால் உள்ளிருக்கும் உருகி எரிந்துபோகும். மின்வழங்கியைத் தனியே சோதிக்க, சுவர் மின்னைத் துண்டித்துப் பெரிய இணைப்பியைத் தாய்ப்பலகையிலிருந்து கழற்றி, அதன் பச்சைக் கம்பியைக் கறுப்புக் கம்பியோடு இணைத்த பின் மின் கொடுப்பர். விசிறி சுழன்றாலும் போதாது; பன்மானியில் 12, 5, 3.3 வோல்ற்று அளவுகள் 5 சதவீத ஏற்றத்தாழ்வுக்குள் இருக்க வேண்டும்.

விசிறி சுழன்று திரை கறுப்பாக இருந்தால், நினைவக அட்டையின் தொடுகை அடிக்கடி காரணமாகும். அட்டையைக் கழற்றி, பொன்னிற விளிம்பை அழிறப்பரால் மெல்லத் துடைத்து, ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்ப்பர். தாய்ப்பலகையின் ஒலிபெருக்கி எழுப்பும் ஒலியும் வழிகாட்டும்: அவார்ட் பயோஸில் ஒரு நீண்ட ஒலியும் இரு குறுகிய ஒலியும் காட்சி அட்டைப் பழுதைக் குறிக்கும். நினைவகத்தை முழுதாகக் கழற்றியும் ஒலி வராவிட்டால், சந்தேகம் தாய்ப்பலகை, செயலி அல்லது மின்வழங்கி பக்கம் திரும்பும்.

1999 முதல் 2007 வரையான காலத்தில் வந்த பல தாய்ப்பலகைகளில் தரமற்ற மின்பகுபொருள் கொண்ட கொள்ளளவிகள் பொருத்தப்பட்டிருந்தன. அவற்றின் தலை வீங்கியோ பழுப்புக் கசிவோடோ காணப்பட்டால் மாற்றவேண்டும். திகதி பின்னோக்கிப் போவதும் அமைப்புகள் மறைவதும் சிஆர்2032 வகை 3 வோல்ற்று மின்கலம் தீர்ந்ததன் அடையாளம்.

வன்தட்டு இல்லை என்ற செய்தி வந்தால் தரவுக் கம்பியையும் பயோஸ் தொடக்க வரிசையையும் பார்க்க வேண்டும். வன்தட்டு ‘டிக், டிக்’ என்று ஒலித்தால் திரும்பத் திரும்ப இயக்கக்கூடாது. தரவு முக்கியமெனில் மீட்பவரிடம் ஒப்படைப்பதே பாதுகாப்பு.

ஒட்டுசுட்டான் சூழலில்

முல்லைத்தீவு மாவட்டத்தில் மாங்குளம்–முல்லைத்தீவு வீதியில் (ஏ34) உள்ள ஒட்டுசுட்டான், உலர் வலயத்தைச் சேர்ந்தது. சோளகக் காற்றில் எழும் தூசு விசிறிகளிலும் வெப்பத் தகட்டிலும் படிந்து சூட்டைக் கூட்டும். வாடை மாரியின் ஈரம் தொடுகைகளைக் கறுக்கச் செய்யும். ஏப்ரலிலும் ஒக்ரோபர், நவம்பரிலும் இடிமின்னல் மிகுதி. அப்போது மின்செருகியையும் வலையமைப்புக் கம்பியையும் கழற்றி வைப்பதே உறுதியான காப்பு. பல்லியும் எறும்பும் மின்வழங்கிக்குள் புகுந்து குறுஞ்சுற்றை ஏற்படுத்துவதும் உண்டு.

உதிரிப்பாகத்துக்குக் கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ போகுமுன், பழுதான பகுதியை அறிவது வீண்செலவைத் தவிர்க்கும். இன்னொரு கணினியின் நல்ல நினைவகத்தையோ மின்வழங்கியையோ சற்றுநேரம் பொருத்திப் பார்ப்பது மலிவான சோதனை. வகை ஒன்றாக இருக்கவேண்டும். இணைப்பிகளைக் கழற்றாது ஊதித் தூசு தட்டுவது மட்டும் பழுதை அறிவிக்காது.

பாதுகாப்பு

230 வோல்ற்று ஆடலோட்டம் நேராக்கப்பட்டபின் மின்வழங்கிக்குள் ஏறத்தாழ 325 வோல்ற்று தேங்கும்; செருகியைக் கழற்றிய பின்னும் சிறிது நேரம் இருக்கும். எனவே மின்வழங்கியின் பெட்டியைத் திறப்பது பயிற்சி பெற்றவருக்கே உரியது. மற்றப் பாகங்களைத் தொடுமுன் செருகியைக் கழற்றி, நிலைமின் நீங்க கையால் கணினியின் வெற்று உலோகத்தைத் தொடவேண்டும்.

எல்லை

பழைய கணினியின் தாய்ப்பலகை பழுதானால் அதே செயலிக்குப் பொருந்தும் பலகை கிடைப்பது அரிது. அதன் திருத்தம் பெரும்பாலும் இங்கே முடிவடையும். மென்பொருளும் ஓர் எல்லை: விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14இல் நிறைவுற்றது. பழைய கணினிகள் பலவும் விண்டோஸ் 11 கோரும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புக் கூறு இல்லாதவை. அவற்றில் லினக்ஸை நிறுவி எழுத்து, கணக்கு வேலைகளுக்குத் தொடர்ந்து பயன்படுத்தலாம்.