வாக்குக்கு எத்தனை நாள் ஆயுள்?

விற்ற பொருளுக்கு விற்றவன் எத்தனை நாள் பொறுப்பு என்ற கேள்வி நேற்று முளைத்ததல்ல. சுமார் 3,750 வருஷங்களுக்கு முன் பாபிலோனியாவை ஆண்ட ஹமுராபி மன்னன் கல்லில் வெட்டி வைத்த சட்டங்களிலேயே அதற்குப் பதில் இருக்கிறது. படகுக்குக் கீல் பூசியவனின் வேலை சரியில்லாமல், அந்த வருஷத்துக்குள் படகு பழுதாகிவிட்டால், அவன் தன் செலவிலேயே அதைப் பிரித்து உறுதியாகக் கட்டித் தரவேண்டும். ‘தன் செலவிலேயே’ என்பதை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நம் நாட்டு சாஸ்திரக்காரர்கள் இன்னும் நுணுக்கமாகப் போனார்கள். வாங்கின சரக்கைப் பரீட்சை பார்க்க நாரத ஸ்மிருதி தவணை சொல்கிறது: பால் மாட்டுக்கு 3 நாள், சுமை இழுக்கும் மாட்டுக்கு 5 நாள், முத்துக்கும் பவளத்துக்கும் 7 நாள், விதைத் தானியத்துக்கு 10 நாள். ஏன் இந்த வித்தியாசம்? பசு பால் தராவிட்டால் மூன்று நாளில் தெரிந்துவிடும். படுத்துக்கொள்ளும் மாடு ஐந்து நாள் நுகத்தடியில் தன் குணத்தைக் காட்டாமல் இராது. விதை முளைக்கிறதா என்று பார்க்கப் பத்து நாளாவது வேண்டாமா? குறை வெளிப்பட எத்தனை நாள் ஆகுமோ அத்தனை நாள் தவணை என்பதுதான் இதன் நியாயம் என்று எனக்குத் தோன்றுகிறது.

சங்கரன்கோவில் பக்கத்துச் சம்சாரிகளுக்கு இந்த நியாயம் ஸ்மிருதி படிக்காமலே தெரியும். சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்து, சுழி பார்த்து, துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசி மாடு வாங்கியவர்கள் அவர்கள். அந்த மாட்டைப் பூட்டித்தான் ஆடித் தபசுக்குக் குடும்பத்தோடு கூண்டு வண்டியில் வந்தார்கள். வந்த இடத்தில் வண்டியே வீடு. உள்ளே படுக்கை, பக்கத்தில் மூன்று கல் வைத்து அடுப்பு. அச்சு முறிந்தால் அடுத்த ஊரில் ஒரு தச்சரும் கொல்லரும் இருப்பார்கள். அவர்களுக்கு எந்த வண்டியும் புரியாத வண்டியல்ல.

வண்டியை வீடாக்கும் ஆசை சீமையிலும் உண்டு. 1885-ல் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற டாக்டர், இரண்டு குதிரைகள் இழுக்கும் வீட்டு வண்டியொன்றைப் பிரிஸ்டலில் செய்வித்து, உல்லாசமாக ஊர் சுற்றினார். குதிரை போய் இன்ஜின் வந்தது. சினிமா நட்சத்திரங்களின் புண்ணியத்தில் ‘கேரவன்’ என்ற பெயர் நம் பட்டிதொட்டியெல்லாம் பரவிவிட்டது.

சங்கரன்கோவிலில் விசைத்தறி வைத்திருந்த என் அத்தானுக்கும் அந்த ஆசை வந்தது. தறிகளை மகனிடம் ஒப்படைத்துவிட்டு, அக்காவைக் காசிவரை அழைத்துப் போக வேண்டும் என்பது அவருடைய வெகுநாள் எண்ணம். அக்காவுக்கு முதுகுவலி, நெடுநேரம் உட்கார முடியாது. ஆகவே படுக்கையுள்ள கேரவன் ஒன்றுக்குச் சொல்லி வைத்தார். விலை பேசி முடிந்த பிறகு இரண்டு காகிதங்கள் வந்தன. இரண்டும் ‘எக்ஸ்டெண்டட் வாரண்டி’, அதாவது மேற்கொண்டு பணம் கட்டினால் மேற்கொண்டு சில வருஷம் பொறுப்பு. “நீதான் நாலு எழுத்துப் படித்தவன், பார்த்துச் சொல்லு” என்று என்னிடம் நீட்டினார். தறியில் சம்பாதித்த பணம். விளையாட்டாகப் பதில் சொல்ல முடியவில்லை.

படித்துப் பார்த்தேன். முதல் காகிதம் சேஸிஸ் செய்த கம்பெனியுடையது. இன்ஜினுக்கும் கியர் பெட்டிக்கும் பொறுப்பு. தேய்ந்துபோகும் டயர், பிரேக் கட்டை முதலியவற்றுக்கு இல்லை. குறித்த காலத்தில் கம்பெனி ஒர்க்ஷாப்பிலேயே சர்வீஸ் செய்திருக்க வேண்டும். இரண்டாவது காகிதம், அந்தச் சேஸிஸின் மேல் வீடு கட்டுகிற பாடி பில்டருடையது. மரவேலை, தண்ணீர்க் குழாய், மின்சார ஒயர் எல்லாம் அதில் அடக்கம். ஆனால் வண்டியை அவருடைய ஷெட்டுக்கே கொண்டுவர வேண்டும். வேறு யாராவது ஒயரைத் தொட்டிருந்தால் வாக்கு ரத்து.

அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள். “ஏன் தம்பி, காசிக்குப் போற வழியில குழா ஒழுகினா, இந்தக் காயிதமா வந்து அடைக்கும்?” என்றாள்.

விஷயம் அவ்வளவுதான். ஹமுராபியின் படகுக்காரனும் கீல் பூசியவனும் ஒரே நதிக்கரையில் இருந்திருப்பார்கள். காளையை விற்றவனை அடுத்த சந்தையில் பிடிக்கலாம். இன்று விற்றவன் ஓர் ஊரில், வண்டி ஓர் ஊரில். ஆகவே எத்தனை வருஷம் என்று கேட்டால் மட்டும் போதாது. அந்த வாக்கு எத்தனை தூரம் கூட வரும் என்றும் கேட்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. ஆரம்பக் குறைகளுக்கு விற்றவன் பொறுப்பேற்பது தயவல்ல. 1930-ம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டம் இருக்கிறது. 1986-ல் வந்து, பிறகு 2019-ல் புதிதாக இயற்றப்பட்ட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. குறையுள்ள சரக்கை விற்றவர்மேல் மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம். சட்டம் ஏற்கெனவே கொடுத்திருப்பதை மறுபடி விலைக்கு வாங்குவானேன்?

என் அபிப்பிராயத்தைச் சொன்னேன். முதல் காகிதத்தை வாங்கலாம். இன்ஜின் கெட்டால் செலவு பெரிது. அந்தக் கம்பெனிக்குக் காசிவரை வழிநெடுக ஒர்க்ஷாப்புகள் உண்டு. இரண்டாவது வேண்டாம். அந்தப் பணத்தைத் தபாலாபீஸ் சேமிப்புக் கணக்கில் போட்டு வைத்தால், எந்த ஊரில் குழாய் ஒழுகினாலும் அந்த ஊர்ப் பிளம்பருக்குக் கொடுக்கலாம். ஒழுகாவிட்டால் பணம் அக்காவுக்கு.

அத்தான் அப்படியே செய்தார். பாடி பில்டரிடம் மட்டும் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டார்: எந்த ஒயர் எங்கே போகிறது, எந்தக் குழாய் எங்கே திரும்புகிறது என்று காட்டும் வரைபடம். அதற்கு அவர் பணம் கேட்கவில்லை.