எலியின் மூளையில் சந்தித்த இரண்டு துறைகள்

மன அழுத்த ஹார்மோன் மூளை அணுக்களின் வளர்ச்சியைத் தடுக்கக்கூடும் என்பதை அறிவியல் கண்டறிய ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் பிடித்தன. அழுத்த ஆய்வு, நரம்பு வளர்ச்சி ஆய்வு என்ற இரண்டு துறைகள் ஒன்றையொன்று பாராமலே வளர்ந்ததுதான் இந்தத் தாமதத்துக்குப் பெரிய காரணம் என்பேன். 1936இல் மாண்ட்ரியாலில் ஹான்ஸ் செல்யே, குளிர், காயம், நஞ்சு என எதற்கு ஆளானாலும் எலியின் உடலில் அழுத்த ஹார்மோனைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி வீங்குவதையும், தைமஸ் சுருங்குவதையும், இரைப்பையில் புண் வருவதையும் எழுதினார். அந்தப் பட்டியலில் மூளை இல்லை. சில ஆண்டுகளில் இத்தாலியின் டூரின் நகரில், யூதர் என்பதால் பல்கலைக்கழகத்தில் இடமிழந்த ரீட்டா லெவி-மொண்டால்சினி, தன் படுக்கையறையில் தையல் ஊசிகளைத் தீட்டிக்கொண்டு கோழிக் கருவின் நரம்புகளை ஆராய்ந்தார். அந்தத் தேடல் 1950களில் அமெரிக்காவில் நரம்பு வளர்ச்சிக் காரணியைக் கண்டறிவதில் முடிந்தது. ஆனால் வளர்ச்சி என்பது கருவின் சங்கதி, முதிர்ந்த மூளை மாறாது என்ற எண்ணம் மட்டும் அசையவில்லை.

கருவிகள் இல்லாததே தாமதத்துக்குக் காரணம் என்று சிலர் சொல்லலாம். அதில் பாதி உண்மை உண்டு. மூளையின் வளர்ச்சிக் காரணியான பி.டி.என்.எஃப். 1982இல்தான் பிரித்தெடுக்கப்பட்டது, ஒன்றரை கிலோ பன்றி மூளையைக் கரைத்துக் கிடைத்தது ஒரு மைக்ரோகிராம். அதன் மரபணு 1989இல்தான் கைக்கு வந்தது. ஆனால் வளர்ந்த எலியின் ஹிப்போகாம்பஸில் புது நரம்பணுக்கள் பிறப்பதாக 1965இலேயே ஜோசப் ஆல்ட்மன் எழுதினார், பெரும்பாலோர் நம்பவில்லை. நினைவுக்கு ஆதாரமான அதே பகுதியில்தான் அழுத்த ஹார்மோன் போய்த் தங்குகிறது என்று 1968இல் புரூஸ் மெக்யூவன் குழு காட்டியது. இரண்டு தடயங்களும் ஒரே இடத்தைச் சுட்டியும் அவற்றைச் சேர்த்துப் பார்க்க ஆளில்லை.

1995இல் அமெரிக்க ஆய்வாளர்கள் எலிகளை அசையவிடாமல் கட்டிவைத்துப் பார்த்தபோது, ஹிப்போகாம்பஸில் பி.டி.என்.எஃப். மரபணுச் செய்தி குறைந்திருந்தது. ஹார்மோனை மட்டும் செலுத்தினாலும் குறைந்தது. ஆனால் அட்ரினல் சுரப்பியை நீக்கிய எலிகளிலும் அழுத்தம் அதே சரிவைக் கொண்டுவந்தது. ஆக, ஹார்மோன் ஒன்றே குற்றவாளி அல்ல. 2008இல் வெளியான இன்னொரு ஆய்வில், அதே வகை ஹார்மோன் பி.டி.என்.எஃப். பற்றும் ஏற்பியைத் தானே தூண்டி நரம்பணுக்களைக் காத்தது. அளவும் காலமும் சொல்லாமல், மனிதரின் அழுத்த ஹார்மோனான கார்ட்டிசாலை நஞ்சு என்று எழுதுவது பிழை.