ரஷ்யப் பேரரசின் அரிய தங்கக் காசுகள்

ரஷ்யப் பேரரசின் தங்கக் காசுகளைச் சேகரிப்போர் மகா பீட்டர் 1701இல் வெளியிட்ட செர்வோனெட்ஸிலிருந்து தொடங்குவது வழக்கம். ஐரோப்பிய டுகாட்டின் எடையில், ஏறத்தாழ 3.47 கிராமில் அடிக்கப்பட்ட இக்காசில் முகமதிப்பு கிடையாது. தொடக்ககாலப் பிரதிகளில் ஆண்டு ஸ்லாவிய எழுத்தெண்களில் உள்ளது. இவை கிடைப்பது மிக அரிது. முழுமையான சேகரிப்பு எதற்கும் இவையே அடிப்படை. 1718இல் புனித அந்திரேயாவின் உருவம் தாங்கிய இரண்டு ரூபிள் தங்கக் காசு வந்தது.

பேரரசி எலிசபெத் 1755இல் பத்து ரூபிள் மதிப்புள்ள இம்பீரியலையும் ஐந்து ரூபிள் அரை இம்பீரியலையும் புகுத்தினார். இம்பீரியலின் எடை சுமார் 16.6 கிராம், இரண்டாம் கேத்தரின் அதைச் சுமார் 13.1 கிராமாகக் குறைத்தார். ஆகவே ஒரே பெயர் கொண்ட காசுகளையும் ஆட்சிவாரியாகப் பிரித்தே அடுக்க வேண்டும்.

புனித பீட்டர்ஸ்பர்க் அக்கசாலை 18ஆம் நூற்றாண்டிலிருந்து 1868 வரை ஹாலந்து டுகாட்டுகளையும் மறைவாக அடித்தது. அவற்றின் பொறிப்பில் ரஷ்யாவின் பெயரே இல்லை; ஆயினும் அவை ரஷ்யக் காசுகளே. சேகரிப்பாளர்களுக்காக அதே அக்கசாலை பிற்காலத்தில் அடித்துத் தந்த 'நோவோதெல்' மறு அச்சுகளை மூலக் காசுகளுடன் சேர்த்து எண்ணலாகாது. இவ்வழக்கம் 1890இல் நிறுத்தப்பட்டது. அதற்கு முயன்ற கிராண்ட் டியூக் கியோர்கி மிகைலோவிச் ரஷ்ய நாணயங்களைப் பல தொகுதிகளில் ஆவணப்படுத்தியவர். இத்துறை அவருக்குப் பட்ட கடன் பெரிது. 1919இல் பெத்ரோகிராடில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய தொகுப்பின் பெரும்பகுதி இன்று அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் உள்ளது.

மூன்றாம் அலெக்சாண்டர் காலத்தில், 1886 முதல், தங்கத்தின் தூய்மை ஆயிரத்துக்கு 900 என்றானது. நிதியமைச்சர் விட்டேயின் 1897ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தில் ரூபிளின் தங்க அளவு மூன்றில் ஒரு பங்கு குறைய, பழைய பத்து ரூபிள் எடையிலான காசு 15 ரூபிள் என்ற பொறிப்புடன் வந்தது. இரண்டாம் நிக்கோலாஸின் ஐந்து, பத்து ரூபிள்கள் ஏராளமாகக் கிடைப்பவை. எனினும் 1906ஆம் ஆண்டுப் பத்து ரூபிள் பேரரிது. விளிம்பிலுள்ள எழுத்துகள் அக்கசாலை அதிகாரியைக் குறிக்கும்: ஏ.ஆர். என்ற ரஷ்ய எழுத்துகள் அலெக்சாண்டர் ரெட்கோவுக்குரியவை. 1902ஆம் ஆண்டின் 37½ ரூபிள் காசில் 100 பிராங்கு என்ற மதிப்பும் உண்டு. அதுவும் 1908ஆம் ஆண்டு 25 ரூபிளும் சிறு எண்ணிக்கையிலேயே அடிக்கப்பட்டவை.

தற்போது இக்காசுகள் ஏலங்களில் கைமாறுகின்றன. போலிகளும் உலவுவதால் எடையும் விளிம்பும் சோதிக்கப்படுகின்றன.