மண்வெட்டிச் சட்டம்

சரித்திரத்தில் ராஜாக்களைவிட மண்வெட்டிகள்தான் எனக்குப் பிடிக்கும். ஹாலந்து தேசத்தில் பழைய நாளில் ஒரு வழக்கம் இருந்தது. கடலைத் தடுக்கும் கரையில் இன்ன துண்டு இன்ன குடியானவனுடைய பொறுப்பு என்று பங்கு பிரித்திருப்பார்கள். தன் பங்கைச் செப்பனிடச் சக்தியற்றவன், மண்வெட்டியைக் கரையில் குத்தி நிறுத்திவிட்டு ஊரைவிட்டே போக வேண்டியதுதான். அதைப் பிடுங்குகிறவனுக்கு அவன் நிலம் சொந்தம். கரையைக் காக்கும் கடமையும் சொந்தம். கொடுமையான சட்டம். ஆனால் கடல் அதைவிடக் கொடுமையானது அல்லவா?

இந்தக் காவலை நடத்தியவை நீர்ப் பஞ்சாயத்துகள். நம்மூர்க் குடிமராமத்துக்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். தாமே வரி வசூலித்து, தாமே கரை கட்டின. 1950 வாக்கில் அப்படிச் சுமார் 2,500 இருந்தன. அவற்றுக்கு மேலே, 1798-இல் ஏற்பட்ட சர்க்கார் நீர் இலாகா.

1953 ஜனவரி 31, சனிக்கிழமை இரவு. பௌர்ணமி ஓதத்தோடு வடமேற்குப் புயலும் சேர்ந்துகொண்டது. வானிலை நிலையம் எச்சரிக்கைத் தந்தி அனுப்பியது. ஆனால் அதற்குச் சந்தா கட்டியிருந்த பஞ்சாயத்துகள் சிலவே. ரேடியோவோ வழக்கம்போல நள்ளிரவில் உறங்கப் போய்விட்டது. பல இடங்களில் தண்ணீர் கரைமேல் வழிந்து, பின்புறச் சரிவை அரித்துச் சாய்த்தது. ஹாலந்தில் மட்டும் 1,836 பேர் மாண்டார்கள்.

கரைகளின் உயரம் போதாது என்று வான் வீன் என்ற இலாகா எஞ்சினீயர் பல வருஷங்களாகவே சொல்லிக்கொண்டிருந்தார். அவர் கணக்கு காகிதத்தில் கிடந்தது. மண்வெட்டி கிராமத்தில் கிடந்தது. அபாயம் தெரிந்தவனுக்கும் கரையில் நிற்பவனுக்கும் நடுவே பேச்சு இல்லை. பக்கத்து ஊர்க் கரை தாழ்ந்திருந்தால் நம் கரை உயர்ந்திருந்து என்ன பிரயோஜனம்?

ரோட்டர்டாமுக்கு அருகே ஒரு கரை பிளந்தபோது, ஊர் மேயர் ஒரு படகுக்காரரை அழைத்து, அவருடைய படகையே உடைப்பில் செருகச் சொன்னார். ‘இரண்டு சகோதரர்கள்’ என்று அதற்குப் பெயர். உடைப்பு அடைபட்டது. அந்தக் கரையை நம்பி முப்பது லட்சம் ஜனங்கள் இருந்தார்கள். கதையில் எழுதியிருந்தால் யாரும் நம்பமாட்டார்கள்!

இருபதே நாளில் சர்க்கார் டெல்டா கமிஷனை நியமித்தது. 1958-இல் சட்டம் வந்தது. கழிமுகங்களைத் தடுத்துக் கடற்கரையின் நீளத்தையே குறைத்தார்கள். கடைசிப் பெருங்கதவு 1997-இல் முடிந்தது. எல்லாரும் மெச்சுவது இந்த அணைகளைத்தான். எனக்கு வேறொன்று பெரிதாகப் படுகிறது. இத்தனை பட்ட பிறகும் கிராமத்தான் கையிலிருந்த மண்வெட்டியைத் தலைநகரம் பிடுங்கிக்கொள்ளவில்லை. சின்னப் பஞ்சாயத்துகளை இணைத்து இணைத்து 21 ஆக்கினார்கள். உயரத்துக்குத் தேசம் முழுவதும் சட்டம் செய்தார்கள். அந்த 21-க்கும் இன்றும் தனி வரி உண்டு, தனித் தேர்தலும் உண்டு.