அவுரி வயலும் ஹாஃப்மன் வினையும்

1917ஆம் ஆண்டில் காந்தியடிகள் பீகாரிலுள்ள சம்பாரணுக்குச் சென்று, அவுரி பயிரிட்ட குடியானவர்களின் குறைகளைக் கேட்டறிந்த வரலாற்றை நீங்கள் படித்திருப்பீர்கள். அந்த வரலாற்றோடு ஜெர்மனி நாட்டு வேதியியலுக்கும் தொடர்பு உண்டு. அதனையே இன்று எடுத்துரைக்க விரும்புகிறேன்.

1881இல், பெர்லின் பேராசிரியர் ஆகஸ்ட் வில்ஹெல்ம் ஹாஃப்மன் ஒரு வினையை வெளியிட்டார். அமைடு என்னும் சேர்மத்தைப் புரோமினோடும் வலிய காரத்தோடும் சேர்த்துச் சூடாக்கினால், அது அமீனாக மாறுகிறது. அவ்வாறு மாறும்போது ஒரு கரி அணு குறைந்துவிடுவதே வியப்பு. இரண்டு கரி அணுக்களை உடைய அசிட்டமைடு, ஒரே கரி அணுவை உடைய மெத்திலமீன் ஆகிறது. பூச்சரத்தின் இடையே ஒரு பூவை உருவிவிட்டு, நாரை மீண்டும் முடிவது போன்றது இது என்று வகுப்பில் நான் கூறுவதுண்டு. முதலில் புரோமின் நைட்ரஜனோடு இணைகிறது. காரத்தின் செயலால் புரோமின் விலகும்போது, பக்கத்துக் கரித்தொகுதி இடம்பெயர்ந்து நைட்ரஜனைப் பற்றிக்கொள்கிறது. இவ்வாறு தோன்றும் ஐசோசயனேட்டு நீரால் சிதைய, இடையிலிருந்த கரி அணு கார்பனேட்டாக வெளியேறுகிறது.

இவ்வினை விரைவில் தொழிற்சாலைக்குள் புகுந்தது. அவுரிச் சாயத்தின் அமைப்பைப் பேயர் 1883இல் கண்டறிந்தார். 1890இல் சூரிச் நகரத்து ஹாய்மன், ஆந்த்ரனிலிக் அமிலத்திலிருந்து அச்சாயத்தைச் செய்ய வழி வகுத்தார். அவ்வமிலத்தை மலிவாகப் பெற ஹாஃப்மன் வினையே கைகொடுத்தது. கரித்தாரில் கிடைக்கும் நாப்தலீனைத் தாலிக் அன்ஹைட்ரைடாகவும், அதனைத் தாலிமைடாகவும் மாற்றி, பின்னர்க் குளோரினும் காரமும் கொண்டு ஆந்த்ரனிலிக் அமிலமாக்கினர். 1897இல் பி.ஏ.எஸ்.எப். நிறுவனத்தின் செயற்கை அவுரி சந்தைக்கு வந்தது.

இயற்கைச் சாயத்தின் விலை வீழ்ந்தது. தென்னார்க்காட்டு அவுரி வயல்களும் சுருங்கின. சம்பாரணிலோ, ஒவ்வொரு பிகா நிலத்திலும் 20 கத்தாவுக்கு 3 கத்தா அவுரி பயிரிட வேண்டும் என்ற கட்டாயம் முன்பிருந்தே நிலவியது. சாயம் விலைபோகாத காலத்தில், ஐரோப்பியத் தோட்ட முதலாளிகள் அக்கட்டாயத்திலிருந்து விடுவிப்பதாகக் கூறி, அதற்கு ஈடாகக் குத்தகையை உயர்த்தினர். தம் நட்டத்தைக் குடியானவன் தலையில் சுமத்தினர். 1918ஆம் ஆண்டுச் சட்டமே மூன்று கத்தா முறையை ஒழித்தது.

சாயத்தின் விலையைத் தாழ்த்தியது வேதியியல். அதன் சுமையை எவர் தாங்குவது என்று தீர்மானித்தவர்கள் மனிதர்கள். தேர்வுத் தாளில் இவ்வினையின் சமன்பாட்டை எழுதும்போது, அந்த மூன்று கத்தா நிலத்தையும் நினைவில் கொள்வீர்களாக.