மைக்கோ பம்ப் காலமும் காமன் ரெயில் காலமும்: பழைய பெரிய வண்டிகளின் செலவுக் கணக்கு

ஏப்ரல் வந்துவிட்டால் புனேயில் நம்மவர்கள் கூடுகிற இடத்தில் இந்தப் பேச்சு கட்டாயம் வரும். பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிகிறது, ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள், போகும்போது எல்லோருமாக ரோட்டிலேயே போய்விடலாமே என்று. ரயிலில் ஏழு பேருக்குச் சேர்ந்தாற்போல் பெர்த் கிடைப்பதைவிட ஏழு சீட் வண்டி வாங்குவது சுலபம் என்கிற நிலைமை. புதுசு வாங்க வசதி இல்லாதவர்களின் கண் பழைய சுமோ, சஃபாரி, பொலேரோ, ஸ்கார்பியோ பக்கம் போகும். இரண்டு மூன்று லட்சத்துக்கு இவ்வளவு பெரிய வண்டியா என்று வாய் பிளப்போம்.

எல்லோரும் கேட்பது கிலோமீட்டர் எவ்வளவு ஓடியிருக்கிறது என்று. மீட்டரைத் திருப்பி வைக்க அரை மணி நேரம் போதும், அதனால் அந்தக் கேள்விக்கு வரும் பதிலை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. நான் கேட்கச் சொல்வது வேறு ஒன்று. வண்டியின் டீசல் பம்ப் எந்தக் காலத்தைச் சேர்ந்தது? ரிப்பேருக்கு நீங்கள் ஆயிரத்தில் செலவழிப்பீர்களா, லட்சத்தில் செலவழிப்பீர்களா என்பது பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது. ஏன் என்று புரிய கொஞ்சம் பழைய கதைக்குப் போகவேண்டும்.

நம் நாட்டில் ஜீப் என்றால் முதலில் வில்லிஸ். மஹிந்திரா நிறுவனம் 1940களின் இறுதியில் பம்பாய் மஸகானில் அதைப் பாகங்களாக இறக்கிப் பூட்ட ஆரம்பித்தது. இரண்டேகால் லிட்டருக்குச் சற்றுக் குறைந்த பெட்ரோல் இன்ஜின், நான்கு பக்கமும் பட்டை ஸ்பிரிங், ஏணி மாதிரி ஒரு சேஸிஸ். அதில் உடைவது எல்லாம் கண்ணுக்குத் தெரியும். பட்டை உடைந்தால் கொல்லன் பட்டறையில்கூட ஒப்பேற்றிவிடலாம். பெட்ரோல் செலவுதான் தாங்காது.

அதனால் டீசல் வந்தது. பெஜோவின் எக்ஸ்டிபி 4.90 என்ற டீசல் இன்ஜினை மஹிந்திரா உரிமம் வாங்கி 1980களில் இகத்புரியில் செய்தது. பெயரிலேயே விவரம் இருக்கிறது: நான்கு சிலிண்டர், ஒவ்வொன்றும் 90 மில்லிமீட்டர் விட்டம், மொத்தம் 2112 சிசி. பெஜோ 504 டீசல் காரிலும் இதே 2112 சிசிதான். பிரான்சில் குடும்பக் காரை இழுத்தது இங்கே எம்எம்540, கமாண்டர், அர்மடா என்று பதினைந்து பேரை இழுத்தது (சீட் கணக்கு ஆர்சி புத்தகத்தில் மட்டும்தான்). டாட்டா பக்கம் 1948 சிசியில் 483 என்ற இன்ஜின், அதாவது நான்கு சிலிண்டர், 83 மில்லிமீட்டர் விட்டம். 1991இல் வந்த சியராவிலும், 1994இல் வந்த சுமோவிலும், டர்போ சேர்த்து 1998இல் வந்த முதல் சஃபாரியிலும் இதே குடும்பம்தான். சுமோ என்ற பெயருக்கும் ஜப்பான் மல்லர்களுக்கும் சம்பந்தம் இல்லை. டெல்கோவை வளர்த்த சுமந்த் மூல்காவ்கரின் பெயரிலிருந்து முதலெழுத்துகளை எடுத்து வைத்தது.

இந்த இன்ஜின்களுக்கெல்லாம் பொதுவான விஷயம், டீசலை அளந்து அனுப்பியது முழுக்க இயந்திரப் பம்ப். கம்ப்யூட்டர் கிடையாது. சிலிண்டருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை, அதற்குள் நாசில் டீசலைப் பீய்ச்சும். நாசில் திறக்கிற அழுத்தம் நூறிலிருந்து நூற்றைம்பது பார் சொச்சம். பேட்டரி செத்துப்போனாலும் நாலு பேர் தள்ளினால் வண்டி ஓடும். டீசல் லைனில் காற்று புகுந்தால் ஒரு ஸ்பேனரும் கைப் பம்பும் போதும், டிரைவரே எடுத்துவிடுவார்.

இந்தப் பம்ப்களுக்குப் பெரிய பெயர் மைக்கோ. 1951இல் தொடங்கிய மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி, ஜெர்மனி பாஷின் இந்தியக் கை. பெங்களூர் ஆடுகோடியில் பம்ப், நாசிக்கில் நாசில் (எதுகைக்காகச் சொல்லவில்லை, உண்மையிலேயே அங்கேதான்!). 2008இல் பெயரை பாஷ் என்று மாற்றிக்கொண்டார்கள். ஆனால் தெருவில் அது மைக்கோவாகவே நின்றுவிட்டது. புனேயிலிருந்து பெங்களூர் போகிற சாலையில் கோலாப்பூர், ஹூப்ளி, தாவணகெரே, தும்கூர் என்று லாரி நிற்கும் ஊர்களில் எல்லாம் ஒரு டீசல் பம்ப் ரூம் இருந்தது. கண்ணாடி வைத்த அறை, உள்ளே ஒரு டெஸ்ட் பெஞ்ச், எண்ணெய்க் கறை படிந்த ஒரு அளவுப் பட்டியல். லாரி, டிராக்டர், ஜீப் மூன்றுக்கும் ஒரே வைத்தியர். ரிப்பேர் மலிவாக இருந்ததற்கு உண்மையான காரணம் இந்தப் பம்ப் ரூம்கள்தான். 'அந்தக் கால வண்டி கெட்டி' என்று சொல்வதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. அந்த வண்டிகளும் அடிக்கடி நின்றன. நின்ற இடத்துக்குப் பக்கத்திலேயே ஆள் இருந்தார், அவ்வளவுதான்.

எப்படியெல்லாம் நின்றன என்றும் சொல்லவேண்டுமே. முதல் சஃபாரியில் இரண்டு டன்னைத் தொடும் உடம்புக்கு இரண்டு லிட்டருக்கும் குறைந்த இன்ஜின். ஏழு பேர், தலைக்கு மேல் கேரியரில் பெட்டி, மே மாத வெயில். புனேயிலிருந்து சதாரா போகும்போது கம்பட்கி மலைப்பாதை ஏறவேண்டியிருந்தது. (அப்போது சதாராவிலிருந்து வருகிறவர்களுக்குக் குகைப்பாதை இருந்தது, போகிறவர்களுக்கு ஏற்றம்தான்.) பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஓரமாக நின்ற பெரிய வண்டிகளை அங்கே நிறையவே பார்த்திருக்கிறேன். ரேடியேட்டர் பாதி அடைத்திருக்கும், ஃபேன் கிளட்ச் வழுக்கும், சூடு முள் மேலே போவதைப் பார்க்காமல் ஓட்டினால் ஹெட் கேஸ்கட் போய்விடும். ரேடியேட்டர் வேலை நாலைந்தாயிரத்தில் முடிந்திருக்க வேண்டியது, கேஸ்கட் வரை விட்டுவிட்டால் ஹெட்டைக் கழற்றி லேத்தில் சமன் செய்து பூட்ட இன்றைய விலையில் பதினைந்திலிருந்து இருபத்தைந்தாயிரம் ஆகும்.

கீழே உள்ளவை எல்லாக் காலத்துக்கும் பொது. சுமோ, சஃபாரி, பழைய ஸ்கார்பியோ மூன்றிலும் முன்பக்கத்தைக் கவனிக்கவேண்டும். பாரம் முழுவதும் லோயர் ஆர்ம் புஷ்ஷிலும் பால் ஜாயிண்டிலும் வந்து இறங்கும். முன் டயர் உள்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் இதுதான் வியாதி. பெரிய செலவில்லை, பத்தாயிரத்துக்குள் அடங்கும். ஆனால் தள்ளிப்போடக் கூடாத செலவு, பால் ஜாயிண்ட் கழன்றால் சக்கரம் மடிந்துவிடும். கிளட்ச் செட் கூலியோடு பத்திலிருந்து பதினெட்டு. பின்னால் பட்டை ஸ்பிரிங் உள்ள வண்டியில் ஒரு பட்டை மாற்ற இரண்டாயிரம் சொச்சம். ஊருக்கு ஊர், கடைக்குக் கடை இந்தத் தொகைகள் மாறும். நானா பேட் கடைகளில் ஒரே பால் ஜாயிண்ட் மூன்று விலையில் கிடைக்கும், மூன்றுமே ஒரிஜினல் என்பார்கள்.

சரி, இப்போது வண்டி திசை மாறிய இடத்துக்கு வருவோம்.

1997இல் ஆல்ஃபா ரோமியோ 156 காரில் காமன் ரெயில் டீசல் வந்தது. எல்லா நாசிலுக்கும் பொதுவான ஒரு குழாய், அதில் எப்போதும் பயங்கர அழுத்தத்தில் டீசல், எப்போது எவ்வளவு பீய்ச்சுவது என்று முடிவு செய்ய ஒரு கம்ப்யூட்டர். அழுத்தம் 1350 பார், பிறகு 1600 பார். நம் கார் டயரில் இருப்பது இரண்டு பார் சொச்சம், ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் நடுத்தரக் குடும்பங்கள் பார்த்த முதல் காமன் ரெயில் கார்களில் ஒன்று நம் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து 2002இல் வந்த ஆக்சென்ட் சிஆர்டிஐ. அதே 2002இல் வந்த ஸ்கார்பியோவில் இன்னும் இயந்திரப் பம்ப்தான். 2005இல் பெரிய நகரங்களுக்கு பாரத் ஸ்டேஜ் 3 புகை விதி வந்தது, புனேயும் அதில் உண்டு. அதையொட்டி சஃபாரி 3 லிட்டர் டைகோர் ஆனது, ஸ்கார்பியோ சிஆர்டிஇ ஆனது. 2007இல் சஃபாரிக்கு 140 குதிரைசக்தியில் 2.2 லிட்டர் இன்ஜின் வந்தபோது கம்பட்கி ஏற்றம் ஒரு பொருட்டே இல்லை.

வண்டி நன்றாகிவிட்டது. சந்தேகமே இல்லை. புகை குறைந்தது, இழுவை கூடியது. ஆனால் பழைய டீசல் அப்படியேதான் இருந்தது. அங்கேதான் சிக்கல்.

அந்த ஆண்டுகளில் டீசலில் மண்ணெண்ணெய் கலப்பது பெரிய வியாபாரம். ரேஷன் மண்ணெண்ணெய்க்கு மானியம், இரண்டுக்கும் விலை வித்தியாசம் பெரிசு, டேங்கர் போகிற வழியிலேயே மாற்றிவிடுவார்கள். இதை ஏதோ பங்க் முதலாளியின் சில்லறைத் திருட்டு என்று நினைத்தவர்களுக்கு 2011 ஜனவரி 25 பதில் சொன்னது. நாசிக் மாவட்டம் மன்மாடு அருகே கலப்படத்தைப் பிடிக்கப் போன கூடுதல் ஆட்சியர் யஷ்வந்த் சோனவானேயை உயிரோடு எரித்துக் கொன்றார்கள். மறுநாள் குடியரசு தினம். மகாராஷ்டிரத்தில் இருந்தவர்களுக்கு அந்தச் செய்தி மறக்காது.

மண்ணெண்ணெயில் வழவழப்பு குறைவு. காமன் ரெயில் பம்ப்புக்கும் இன்ஜெக்டருக்கும் தனியாக எண்ணெய் கிடையாது, டீசலேதான் அவற்றுக்கு மசகு. உள்ளே இடைவெளி ஓரிரு மைக்ரான், தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூட இருக்காது. மைக்கோ பம்ப் கலப்பட டீசலைக் குடித்துவிட்டுக் கொஞ்சம் இருமிக்கொண்டே ஓடியது. காமன் ரெயில் பம்ப் தேய்ந்தது, தேய்ந்த தூள் நான்கு இன்ஜெக்டருக்குள்ளும் போனது. ஒரு இன்ஜெக்டர் புதிதாக வாங்கினால் பதினைந்தாயிரத்துக்கு முன்பின். நான்கும் மாற்றி, உயர் அழுத்தப் பம்ப்பும் சேர்ந்தால் லட்சத்தைத் தொட்டுவிடும். டர்போ போனால் அது தனியாக முப்பது நாற்பது. மூன்று லட்சத்து வண்டிக்கு ஒன்றரை லட்சம் செலவு என்று புலம்புகிறவர்கள் எல்லோரும் பெரும்பாலும் இந்த வகை வண்டிக்காரர்கள். பழைய பம்ப் என்றால் பம்ப்பைப் பிரித்து அளவு வைத்து, நான்கு நாசிலும் மாற்றினால் பத்துப் பதினைந்தாயிரத்தோடு ஆள் வெளியே வந்துவிடலாம்.

ஆக, 2005இலிருந்து 2012, 2013 வரை வந்த காமன் ரெயில் வண்டிகள்தான் இரண்டு பக்கமும் அடி வாங்கியவை என்பது என் கணிப்பு. தொழில்நுட்பம் புதுசு, எரிபொருள் பழசு, பார்க்கிற மெக்கானிக்கும் பழசு. ஊர் ஊராக இருந்த பம்ப் ரூம்களில் காமன் ரெயில் டெஸ்ட் பெஞ்ச் வாங்க முடிந்தவர்கள் கொஞ்சம் பேர். மற்றவர்கள் டிராக்டரோடு நின்றுகொண்டார்கள்.

இதில் ஆண்டை மட்டும் வைத்தும் சொல்ல முடியாது. 2010இல் பாரத் ஸ்டேஜ் 4 விதி புனே உள்ளிட்ட 13 நகரங்களுக்கு மட்டும் வந்தது, நாடு முழுவதற்கும் வர 2017 ஆனது. நடுவில் ஒரே பெயர் கொண்ட வண்டி நகரத்துக்கு ஒன்று, சின்ன ஊருக்கு ஒன்று என்று விற்றது. பொலேரோவுக்கு 2011இல் எம்2டிஐசிஆர் என்ற காமன் ரெயில் இன்ஜின் வந்த பிறகும் சின்ன ஊர்களில் பழைய டிஐ இன்ஜின் பொலேரோ கிடைத்தது. அதனால் ஆர்சி புத்தகத்தில் ஆண்டைப் பார்ப்பதோடு நிறுத்தாமல் எந்த பாரத் ஸ்டேஜ், எந்த இன்ஜின் என்று பார்க்கவேண்டும்.

தில்லி வண்டிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2015இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலைநகர்ப் பகுதியில் பத்து ஆண்டு தாண்டிய டீசல் வண்டிகள் ஓடக் கூடாது என்றது, 2018இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. நல்ல நிலையில் இருந்த சஃபாரிகளும் ஸ்கார்பியோக்களும் தடையில்லாச் சான்று வாங்கிக்கொண்டு மற்ற மாநிலங்களுக்கு மலிவாக வந்தன. 2025இலும் அந்த விதி பலமுறை மாறியது, அது தனிக் கதை. அந்த வண்டிகளில் உப்புக் காற்று படாததால் சேஸிஸ் துரு குறைவு, இது நிஜமான நன்மை. மும்பை, கொங்கண் வண்டி என்றால் படுத்துக்கொண்டு சேஸிஸைத் தட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள். வண்டி எந்த ஊருடையதாக இருந்தாலும் பதினைந்து வருஷம் நெருங்கியிருந்தால் புதுப்பிக்கும் செலவையும் கணக்கில் சேருங்கள். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது, இங்கே பசுமை வரியும் உண்டு.

வாங்குவது காமன் ரெயில் வண்டி என்று முடிவானால் ஒரு சோதனையை மட்டும் விடாதீர்கள். ஒவ்வொரு இன்ஜெக்டரிலிருந்தும் மிச்ச டீசல் திரும்பிப் போக ஒரு சின்னக் குழாய் இருக்கும். தெரிந்த மெக்கானிக் அந்த நான்கையும் கழற்றி, நான்கு சின்ன பாட்டிலில் விட்டு, சில நிமிடம் இன்ஜினை ஓடவிடுவார். எது தேய்ந்திருக்கிறதோ அதன் பாட்டில் மற்றதைவிட வேகமாக நிறையும். கூலி ஐந்நூறு ஆயிரம் இருக்கும். விற்கிறவர் "அதெல்லாம் எதுக்கு சார், வண்டி நல்லா ஓடுதே" என்பார். இருக்கட்டும் என்று பாட்டிலைக் கட்டச் சொல்லுங்கள். நான்கும் ஒரே மட்டத்தில் நின்றால் விலை பேச உட்காரலாம்.